கதவோரத்து மெஷின்

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் புரோகிராம் எழுதும் வேலை பார்த்தேன். மனித மூளை போலத் தானாகவே கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதிக்கொண்டிருந்த காலம். நானும் அப்படியொரு புரோகிராம் எழுதினேன். யார் மெஷின் ஓட்டும்போது எவ்வளவு இழை அறுந்தது என்ற பழைய விவரங்களைக் கொடுத்தால், இனி யாரிடம் அதிகம் அறும் என்று அது முன்கூட்டியே சொல்லும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மில்லுக்கு வந்தவர்களையெல்லாம் என் அறைக்குக் கூட்டி வந்து காட்டினார்.

அந்தப் புரோகிராம் திரும்பத் திரும்ப ஒரே பெண்ணைத்தான் காட்டியது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வருபவர், என்னைவிட மூத்தவர். மத்தியானம் சாப்பிடும்போது தன் வெஞ்சனத்தில் பாதியை என் தட்டில் வைப்பார். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று சூப்பர்வைசர் அவரைக் கழிவுப் பஞ்சு பொறுக்கும் இடத்துக்கு மாற்றினார்.

அவர் என் அறை வாசலுக்கு வந்து, "அது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச்சாம்மா?" என்றார்.

"அது இன்னும் கத்துக்கிட்டு இருக்குக்கா" என்றேன். கொஞ்ச நாளில் அவர் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவருடைய மெஷினுக்கு வந்த புதுப் பெண்ணையும் அது குற்றம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூளைப் புரோகிராமை ஓரமாக வைத்துவிட்டு, மெஷின் வாரியாக, நேரம் வாரியாக அறுந்த இழைகளை வெறுமனே கூட்டிக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினேன். அவர்கள் இருவரும் ஓட்டிய அந்தக் கதவோரத்து மெஷினில், அதுவும் மத்தியானத்தில்தான் நூல் அறுந்தது. அந்நேரம் லாரியில் லோடு ஏற்றக் கதவைத் திறந்து போடுவார்கள். வெளியே காய்ந்து கிடக்கும் கரிசல் காட்டின் காற்று உள்ளே வந்து நூலின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; காய்ந்த நூல் சட்டென்று அறும்.

முதலாளியிடம் சொன்னேன். கதவுக்கு உடனே கனமான திரை போட்டார். அந்த ரெட்டியபட்டி அக்காவைத் திரும்பக் கூப்பிட மட்டும் அவருக்கு மனமில்லை. "கம்ப்யூட்டரு தப்பா சொல்லிருச்சுன்னு நானே ஊருக்குச் சொல்லவா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரெட்டியபட்டிக்குப் போனேன். அவர் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். மில்லுக்கு வாங்கக்கா, நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"கதவுதானாம்மா? என் கையிலதான் என்னமோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். எடுத்த பருத்தியை மடியில் போட்டுக்கொண்டே, "இனி வரலம்மா" என்றார். வெயில் ஏறுமுன் கிளம்பச் சொல்லி என்னைப் பஸ்ஸுக்கு அனுப்பினார்.

அந்தச் சின்ன புரோகிராம் மில்லில் பல வருஷம் உழைத்தது. மில்லுக்கு வந்தவர்களுக்கு முதலாளி காட்டியது என்னவோ அந்த மூளைப் புரோகிராமைத்தான். அந்த அக்கா பிறகு எந்த மில்லுக்கும் போகவில்லை என்று ரெட்டியபட்டிப் பெண்கள் சொன்னார்கள்.