உள்பக்கம் திரும்பிய கறிவேப்பிலை

கோடை மழையோடு வந்த காற்றில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. தனியாகத் தூக்க முடியவில்லை. ஆள் கூப்பிடவோ கூச்சம். எதிர்வீட்டு வாசல்வரை போனவன், "தண்ணி வந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். வேர் காயாமல் இருக்க ஈரச்சாக்கைப் போட்டு மூடினேன்.

சற்று நேரத்தில் அந்த அக்காவே தாளிக்க இலை பறிக்க வந்தார். தெருப்பக்கம் நீண்ட கிளையில்தான் எல்லோரும் கேட்காமலே ஒடித்துக்கொள்வார்கள். கிளையைக் காணாமல் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி தம்பி, இதைச் சொல்லாம தண்ணியையா கேட்ட?" என்றவர், தெருவைப் பார்த்துக் கூவினார்: "எல்லாரும் கடப்பாரையோட வாங்க! நாளைக்கு ரசத்துக்கு என்ன செய்வீக?"

தெருவே திரண்டது. குழியை ஆழமாக்கி, மரத்தை நிமிர்த்தி, கம்பு ஊன்றி, பழைய சேலையால் கட்டினார்கள். முடித்த பிறகுதான் தெரிந்தது, நீண்ட கிளை இப்போது வீட்டுப்பக்கம் இருந்தது.

"பிடுங்கித் திருப்பிருவமா?" என்றார் அக்கா.

"வேணாங்க்கா, செத்துரும்!" என்று கத்தியே விட்டேன்.

மரம் தளிர்த்துவிட்டது. இப்போது இலைக்காகத் தினமும் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். திறந்ததும், "வாங்க, தண்ணி வந்துச்சா?" என்கிறேன். வேறென்ன பேசுவதென்று இன்னும் பிடிபடவில்லை.