அடியில் தங்கிய மருந்து

பாச்சாங்கில் ஒரு கிளினிக்கின் மருந்து கவுண்டரில் நான் வேலை பார்த்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை சேகர் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். சுங்கை ஊடாங்கில் வெல்டர் வேலை. மனைவி இல்லை. ஐந்து வயது யாழினிக்கு வலிப்பு நோய். மருந்தை அவரே கொடுத்து வந்தார்.

அன்று பிள்ளையால் நிற்க முடியவில்லை. கண் சொருகியது.

"மருந்து கூடிப்போன மாதிரி இருக்கு. எவ்ளோ குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்ன அஞ்சு மில்லிதான் டாக்டர். ஒரு சொட்டுகூட கூட்டல லா. புது போத்தல் தொறந்தப்ப மறுபடி வலிப்பு வந்துச்சு. இப்ப இப்படி."

டாக்டர் ஆம்புலன்சுக்குச் சொன்னார். நான் போத்தலைக் கேட்டேன். சேகர் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். கூழ் மாதிரி இருந்தது.

"குலுக்கித்தானே ஊத்துனீங்க, தம்பி?"

"குலுக்கணுமாக்கா? ஆடாம இருக்கட்டும்னுதானே துண்டுல சுத்தி வச்சேன்."

வலிப்புக்கு இதற்கு முன் மாத்திரைதான். அவர் வாங்கியிருந்த போத்தல் மருந்தெல்லாம் இருமல் மருந்து. அது சொலுஷன். தண்ணீரில் சீனி கரைந்தது போல, மேலேயும் கீழேயும் ஒரே அளவு மருந்து இருக்கும். இது சஸ்பென்ஷன். தூள் கரையாமல் மிதக்கும். அசையாமல் வைத்தால் அடியில் தங்கிவிடும். முதல் நாட்களில் பிள்ளைக்குப் போனது வெறும் தண்ணீர் மாதிரி. கடைசியில் போனது பல மடங்கு மருந்து.

அளவு எழுதி போத்தலில் நான் ஒட்டிய லேபலை நகத்தால் உரித்தேன். அதற்கு அடியில் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்தது, 'குலுக்கிய பின் பயன்படுத்தவும்' என்று மலாய் மொழியில். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"தம்பி, தப்பு என்னோடது. லேபல அதுமேலயே ஒட்டிட்டேன். வாயாலயும் சொல்லல."

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். ஆம்புலன்சில் ஏறிப் போய்விட்டார்.

டாக்டரிடமும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் சேகர் வந்தார். யாழினி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். திட்டுவார் என்று எழுந்து நின்றேன்.

"அக்கா, நீங்க மட்டும் சொல்லலன்னா, என் கையாலதான் புள்ளைய இப்படி ஆக்கிட்டேன்னு ஆயுசுக்கும் நெனச்சிருப்பேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கரைந்த மருந்து எது, கரையாத மருந்து எது என்று தெரிந்து கொடுங்கள். குலுக்கிக் காட்டிக் கொடுங்கள். தவறு நடந்துவிட்டால் உடனே சொல்லுங்கள். நாம் மறைத்தால், வீட்டில் மருந்து ஊற்றிக் கொடுத்தவர்தான் அந்தப் பழியைச் சுமப்பார்.