கொட்டகையில் உருக்கிய ஈயம்

என் கணவர் ஊட்டிப் பக்கம் பிக்கட்டியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். கேரட் ஏற்றும் பிக்கப், ஜீப், டாக்ஸி என்று எந்த வண்டியின் பேட்டரி செத்துப்போனாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். முன்பெல்லாம் அவற்றை அப்படியே கோயமுத்தூர் வியாபாரிக்கு அனுப்பிவிடுவார். உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கிக் கொடுத்தால் விலை கூடும் என்று யாரோ சொன்னதை அவரிடம் கொண்டுபோனவள் நான்தான். "ஏனுங்க, நம்மூட்டுக்குப் பின்னால கொட்டகை சும்மாதான கெடக்குது?" என்றேன்.

கோடாலியால் மேல்மூடியைப் பிளப்பார். ஆசிட்டை வேலியோரம் கொட்டுவார். அங்கே புல் கருகிப்போனது. ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார். பனிமூட்டம் இறங்கிவிட்டால் புகை மேலே போகாமல் வீட்டைச் சுற்றியே நிற்கும். நான் ஜன்னலைச் சாத்துவேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் அதே சட்டையோடு மகளைத் தூக்கிக் கொஞ்சுவார். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. கொட்டகை வாசல் மண்ணில்தான் நாள் முழுக்க விளையாட்டு.

முதலில் வயிற்றுவலி என்றாள். வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தேன். பிறகு சோற்றைத் தள்ளினாள், எதற்கெடுத்தாலும் அழுதாள். பஸ், குரங்கு, மாடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், "அம்மா", "பால்" இரண்டைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்பது எனக்கு உறைக்கவே பல நாள் ஆயிற்று.

ஊட்டியில் காட்டிவிட்டுக் கோயமுத்தூர் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"பழைய பேட்டரி எடுக்கறமுங்க" என்றார் என் கணவர்.

"வீட்டுல வெச்சு உடைக்கறீங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான்தான், "ஆமாங்க" என்றேன்.

ரத்தத்தைச் சோதித்ததில் ஈயம் இருந்தது.

"எடுத்துரலாமுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"ரத்தத்துல இருக்கறதக் குறைக்கலாம். மூளைக்கு ஏற்கெனவே ஆன பாதிப்பு எவ்வளவு சரியாகும்னு என்னால சொல்ல முடியாதுங்க."

மகளைச் சேர்த்திருந்த வார்டுக்கு வெளியே இருந்த குழாயில் என் கணவர் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போய், "நாந்தானுங்க சொன்னேன்" என்றேன். "செஞ்சது நானு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசியதில்லை.

அந்த வீட்டை விட்டு வந்துவிட்டோம். கொட்டகையைப் பிரித்து, அந்த மண்ணின்மேல் சிமென்ட் போட்டோம். இப்போது கடையில் பேட்டரியை யாரும் திறப்பதில்லை. மூடி இறுக்கி, கவிழாமல் பலகைமேல் நிறுத்திவைப்பார். விரிசல் விட்டதைக் கையுறை போட்டுத் தூக்கிப் பிளாஸ்டிக் தொட்டியில் வைப்பார். எல்லாம் முழுசாக, லைசென்ஸ் உள்ள தொழிற்சாலைக்குத்தான் போகும். குளித்து உடை மாற்றாமல் வீட்டுக்குள் வரமாட்டார். அதிர்ந்து பேசாத மனிதர், ஆனால் தூக்கிவர லேசாக இருக்கட்டும் என்று யாராவது ஆசிட்டைக் கொட்டிவிட்டுப் பேட்டரியைக் கொண்டுவந்தால், "எங்கீங்க கொட்டுனீங்க? ஊட்டுல கொழந்தைக இருக்குதுங்களா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார்.

மகளுக்கு எட்டு வயது ஆகிறது. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தன்னைவிடச் சின்னவர்களோடு முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் அதே வகுப்பில் இருக்கட்டும் என்றார். தயங்கித் தயங்கி, "பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

வெளியே வந்தபோது பள்ளிக்கூடப் படிகளில் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணியபடி இறங்கினாள். ஐந்துக்குமேல் வரவில்லை. நின்று, மறுபடியும் "ஒண்ணு" என்றாள். அவரும் அவளோடு சேர்ந்து ஒன்றிலிருந்து எண்ணினார்.