நகவெட்டியால் நறுக்கிய மீக்கடத்தி

இந்த நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இரவு மணி ஒன்றே முக்கால். ஒன்பது மாத மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

என் ஆய்வு இரும்பு கலந்த மீக்கடத்திகளைப் பற்றியது. இரும்பும் செலினியமும் சேர்ந்த என் படிகத்தை மைனஸ் 265 டிகிரிக்குக் குளிர்வித்தால், மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுகிறது. அதை எங்கள் கல்லூரியிலேயே அளந்தாயிற்று. அந்தக் குளிரில் அது காந்தப்புலத்தை வெளியே தள்ள வேண்டும். ஆனால் கூடவே சொந்தமாகக் காந்தத்தன்மையும் வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஆய்வேடே அதன்மேல்தான் நிற்கிறது. அந்தக் காந்தத்தை அளக்கும் கருவி திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த ஒரே நாள், நேற்று.

நாகர்கோவிலில் காலை ஆறரை ரயில். 70 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 45 ரூபாய். கணவர் வெளிநாட்டில், குழந்தையை விட்டுப்போக ஆளில்லை. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ 240 ரூபாய்.

"கொச்சுக் குழந்தையையும் தூக்கிட்டு எங்க மோளே, ஆஸ்பத்திரிக்கா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே, ஒரு இரும்புத் துண்டை டெஸ்ட் பண்ணணும்."

"இரும்பா? இங்க சாலை மார்க்கெட்ல கிலோ கணக்குல கெடக்கு. அதுக்கா இந்தப் பாடு?"

சிரித்தேன். நேற்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

படிகத்தைச் சாதாரண பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் செருகித்தான் கருவியில் இறக்குவார்கள். என்னுடையது அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. டெக்னீஷியன் ஷைனி செராமிக் பிளேடு எடுக்க உள்ளே போனார். மகள் வீறிட்டாள். எனக்கு நேரம் போகிறதே என்ற பதற்றம். டயப்பர் பையில் அவளுடைய நகவெட்டி கையில் பட்டது. ஒரே நறுக்கு.

நாலு மணிக்குத் திரையில் கோடு வந்தது. காந்தப்புலத்தைத் தள்ளினால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வேண்டிய கோடு, காந்தத்தைக் காட்டுவதுபோல் மேலேயே நின்றது. மைனஸ் 265இல் ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான்.

"சேச்சி, எத வச்சு வெட்டினீங்க?" ஷைனி கேட்டார். சொன்னேன்.

"அய்யோ, அது ஸ்டீல் அல்லே! ஒரு பொடி ஒட்டினாலும் மெஷின் அதைத்தான் காட்டும். படிகத்துக்கு நகம் வெட்டிவிட்டீங்களே!"

அந்தக் காந்தம் படிகத்தினுடையதா, நகவெட்டியினுடையதா? என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே அடுத்த வாய்ப்பு நான்கு மாதம் கழித்து. ஆய்வேடு கொடுக்க இந்த மாதம் முப்பது கடைசி நாள். நெறியாளரிடம் இன்னும் சொல்லவில்லை. திரும்பும் ரயிலில் மகள், வெட்டாத நகத்தால் என் கழுத்தைக் கீறிக்கொண்டே வந்தாள்.

அந்த ஆய்வகத்துக்குக் கைக்குழந்தையோடு போகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். வாசலில் காவலரிடம் கேட்டால் பாலூட்ட ஓர் அறையைத் திறந்துவிடுவார். சாம்பிள் பக்கத்தில் ஸ்டீல் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

அதே படிகத்தின் இன்னொரு துண்டு, கத்தி படாதது, கல்லூரியில் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் காந்த அளவீட்டுக்கு அரை நாள் தரக்கூடியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எந்த ஊரானாலும் வருகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.