பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்கு உரிமை கொண்டாட இரண்டு பேர். ஒருவர், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற நான். மற்றவர், அதே தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற என் மனைவி. உரிமை என்று நான் சொல்வதைக் கேட்டால் அவள் சிரிப்பாள். மூன்று வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது அவள்தான். வீட்டிலிருந்தே படிக்கிற வெளிவாரிப் பட்டத்துக்கு, மடுவத்துப் பிள்ளைகள் பேசப் பழகுவது பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பத்துப் பக்கம். சரஸ்வதி பூஜை முடிந்து பன்னிரண்டாம் நாள் ஒப்படைக்க வேண்டும். அவள் பிறந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பட்டம் வாங்கிய ஆள் அதுவரை ஒருவரும் இல்லை.

கம்ப்யூட்டர் கிழம். ஒரு எழுத்தை அடித்துவிட்டு அவள் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து வைத்த பிறகுதான் அது திரைக்கு வரும். அவள் ஒரு நாளும் முறையிட்டதில்லை. பொறுக்க முடியாதவன் நான்தான். பண்டாரவளையில் படிப்பிக்கிற நண்பர் ஒருவர் வழி சொன்னார்.

"விண்டோஸ அப்படியே விட்டுட்டு, பக்கத்துல லினக்ஸ போடுங்க சேர். ரெண்டும் ஒரே டிஸ்க்குலதான் இருக்கும். தொறக்கிறப்ப எது வேணும்னு கேக்கும். லினக்ஸ் பழைய மெஷின்லயும் பறக்கும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணனுக்குக் கல்யாணமானபோது அப்பா எங்கள் லயத்துக் காம்பராவின், அந்த ஒற்றை அறையின், நடுவில் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டு, ஒரு வீட்டை இரண்டு வீடாக்கினார். டிஸ்க்குக்குள் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் முடிந்தது வேலை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டுரைய குடுத்த பெறகு என்னமும் பண்ணுங்க. அதுவரைக்கும் இதுல கைய வைக்காதீங்க."

"சரி" என்றேன். சரி என்று சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று.

அந்த வருடம் பூஜை சனிக்கிழமை வந்தது. சரஸ்வதிக்கு முன்னால் வைத்த எதையும் மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக் கூடாது. புத்தகம், பேனா, தையல் மெஷின் எதுவானாலும் அன்றைக்கு ஓய்வுதான். விடியற்காலையிலேயே அவள் மேசையைத் துடைத்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, திரையைச் சுற்றிச் செவ்வந்தி மாலை போட்டாள். பக்கத்தில் சாமி படம். அதன் முன்னால் அவளுடைய புத்தகங்கள், மேற்பார்வையாளர் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்த கட்டுரைப் பிரதி, ஒரு வெற்றிலை, வெற்றிலை மேல் குங்குமப் பொட்டோடு ஒரு பென் டிரைவ். எல்லாவற்றையும் வைத்துவிட்டு, கோயிலில் அவல் கடலை கிண்ட ஆள் போதாது என்று போய்விட்டாள். மத்தியானம்தான் வருவாள்.

எனக்கு அன்று தோன்றிய யோசனையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கட்டுரையை ஒப்படைக்கும்வரை அவள் கம்ப்யூட்டரைத் தொடாத நாள் இது ஒன்றுதான். இரண்டு மணித்தியால வேலை. மறுநாள் காலை அவள் திறக்கும்போது கம்ப்யூட்டர் பறக்கும். சாமி கோபிக்குமே என்று ஒரு கணம் யோசித்தேன். கல்விக்கான காரியம்தானே, கோபிக்காது என்று நானே சாமிக்காகப் பதிலும் சொல்லிக்கொண்டேன்.

லினக்ஸை ஏற்ற ஒரு பென் டிரைவ் வேண்டும். என்னுடையது பாடசாலையில் கிடந்தது. வெற்றிலை மேலிருந்ததை எடுத்தேன். பூஜையில் வைக்க ஏதாவது வேண்டுமே என்று பழையதொன்றை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இதில் உள்ளவை எல்லாம் அழியும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். வினாவை ரெண்டு தடவை வாசி, வாசிக்காமல் விடை எழுதாதே என்று இருபது வருடமாகப் பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவன் நான்.

பிறகு டிஸ்க்கைப் பிரிக்கிற வேலை தொடங்கியது. இது முடியும்வரை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் டிஸ்க்கில் உள்ளவை போய்விடலாம் என்று திரை எச்சரித்தது. இதை மட்டும் ரெண்டு தடவை வாசித்தேன். மாலைக்கு நடுவே நீலக்கோடு ஒன்று மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. பாதி தாண்டியபோது வாசலில் பேச்சுக் குரல். மனைவியும், அவல் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு அக்காவும், பின்னால் நாலைந்து பெண்களும். கடலை சீக்கிரம் வெந்துவிட்டதாம்.

நான் திரையை மறைத்து நின்று கும்பிட்டேன். ஆனால் நான் ஒல்லி.

"சேர், சாமி படம் கம்ப்யூட்டர்ல ஓடுதா?" என்றார் அக்கா, பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டே.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரு இத போட்டது? இன்னைக்கு ஓய்வு எடுக்க வேண்டியது" என்றபடி குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ!"

"என்னங்க, சாமிக்கு முன்னால ஐயோங்கிறீங்க?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் ஒரு கை அவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பெண்கள் போன பிறகுதான் உண்மையைச் சொன்னேன். சாக்குக் கதையை எல்லாம் சொல்லி, "கட்டுரையோட காப்பி வேற எங்கயாவது இருக்குமே" என்று முடித்தேன். அவள் கம்ப்யூட்டரில் செருகியிருந்த பென் டிரைவைப் பார்த்தாள்.

"இத எங்கேருந்து எடுத்தீங்க?"

"வெத்தல மேல இருந்து."

"அதுதான் காப்பி" என்று சொல்லிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. சிவப்பு மைப் பிரதியைப் பார்த்தபடியே இருந்தாள். ஆனால் அன்றைக்கு அதைத் தொடவில்லை. அவ்வளவு ஆன பிறகும் பூஜையைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் திருத்துகிற கடைக்கார நானா அதன் நெற்றியிலிருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, "சேர், இதுக்கு நல்லா வாய்க்கரிசி போட்டுத்தான் கொண்டு வந்திருக்கீங்க" என்றார். திங்கட்கிழமை பின்னேரம் திருப்பிக் கொடுத்தார். கல்யாணப் படங்கள் மீண்டன. என் பழைய வினாத்தாள்கள் ஒன்றுவிடாமல் மீண்டன. கட்டுரை மட்டும் திறக்கவில்லை. "ஆனா நீங்க ஆசப்பட்ட ரெண்டும் போட்டிருக்கேன்" என்றார். உண்மைதான். திறந்தால் எது வேண்டும் என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டது. இரண்டு காம்பரா, இரண்டிலும் குடியில்லை.

செவ்வாயிலிருந்து எட்டு நாள், பாடசாலை விட்டதும் நேராக வீடு. சந்தனக் கறை படிந்த அந்தப் பிரதியைப் பார்த்து நான் வாசிக்க, திருத்தங்களையும் சேர்த்து அவள் அடித்தாள். எழுத்துகள் உடனுக்குடன் திரைக்கு வந்தன. அதைச் சுட்டிக்காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வருடம் பக்கத்திலேயே இருந்தும் அந்தக் கட்டுரையில் ஒரு பக்கம்கூட நான் வாசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் ஒரு பிள்ளை முதன்முதலில் பேசிய சொல் அம்மா இல்லை, பெரட்டு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிறது என்று அதன் தாய் தினமும் சொல்லிக்கொண்டே இறக்கிவிட்டு ஓடுகிறாள். வாசிக்கும்போது வரியைப் பாதியில் விட்டு இருமினேன். "தண்ணி குடிச்சிட்டு வாசிங்க" என்றாள்.

ஒப்படைக்க ஒரு நாள் இருக்கையில் கடைசியாக நன்றியுரைக்கு வந்தோம். மேற்பார்வையாளருக்கு, மடுவத்துத் தாய்மாருக்கு என்று வாசித்துக்கொண்டே போனவன், அடுத்த வரியில் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? வாசிங்க."

"மூன்று வருடமும் கம்ப்யூட்டரை எனக்கே விட்டுக்கொடுத்து, ஒரு நாளும் அதில் கை வைக்காத என் கணவருக்கு."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு என்னைக் கேட்காமல் தானாகவே அதற்குப் பதில் ஒரு வரியை அடித்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"பிழை இருக்கான்னு பாருங்க. ரெண்டு தடவ வாசிக்கணும்."

"இந்தக் கட்டுரையை இரண்டாம் தடவை எழுதவைத்து, முதல் தடவையாக வாசித்த என் கணவருக்கு" என்று இருந்தது.

ரெண்டு தடவை வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை.