சித்தி வைத்திருந்த அரைத் தாடை

உலகத்தில் இதுவரை எத்தனை வகைக் குரங்கு அழிந்துபோனது என்று கடவுளுக்கே கணக்குத் தப்பினால், எங்கள் சித்தியிடம்தான் வந்து கேட்பார். வந்தாலும் வெளியே பெஞ்சில் காத்திருக்கவேண்டும். கையிலிருக்கும் பல்லை முடிக்காமல் சித்தி தலை நிமிரமாட்டாள்.

மற்றபடி இதைப் போல அருவருப்பான பிழைப்பு வேறு கிடையாது. அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில் ஜன்னல் திறக்காத ஓர் அறை. உடைந்த எலும்பை ஒட்டும் பசையின் நாற்றம் வேறு. வீட்டில் நாங்கள் தேய்த்துக் கழித்த டூத்பிரஷ் எல்லாம் அவள் மேஜையில்தான் கிடக்கும். செத்துப் பல லட்சம் வருஷமான குரங்குக்கு அதில்தான் பல் துலக்குவாள். கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் ஒட்டிப் பார்ப்பாள். பழைய எலும்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளுமாம். அதே வாயோடு வந்து என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள்.

பதினோரு வருஷமாக அவளிடம் ஓர் அரைத் தாடை இருந்தது. உள்ளங்கையில் அடங்கும், மூன்றே பல். ஏற்கெனவே பெயர் வைத்த பெரிய குரங்கினத்தின் பெண் குரங்குதான் அது என்றார்கள் மற்றவர்கள். சித்தி ஒப்பவில்லை. பெண் என்றால் பல் சிறுக்கலாம், கடைவாய்ப் பல்லின் மேடுகள் இப்படி மாறாது, இது வேறு இனம் என்றாள். அதற்குப் புதுப் பெயர் வைக்கப் பிரிவுத் தலைவர் கையெழுத்து வேண்டும். எதைக் காட்டினாலும் கொட்டாவி விடுவதால் அவருக்கு நான் வைத்த பெயர் கொட்டாவி.

"ஒத்தைத் தாடைய வச்சு என்னம்மா பண்றது? இந்த மாசத்துக்குள்ள இன்னொன்னு காட்டுங்க. இல்லேன்னா பெரிய குரங்கோட பெட்டியிலயே போட்டு மூடிடுங்க" என்றுவிட்டார்.

எப்போதும் எங்கள் பல்லையே உற்றுப் பார்க்கும் சித்தி, அன்றைக்குச் சாப்பிடும்போது யார் வாயையும் பார்க்கவில்லை. எனக்கு அது சகிக்கவில்லை.

கம்பி போடுவதற்காகப் பிடுங்கிய என் பல் ஒன்று பஞ்சில் சுற்றிக் கிடந்தது. அதை ஒரு வாரம் டீயில் ஊறப்போட்டேன். அந்த டம்ளரை ஒருநாள் அப்பா எடுத்துக் குடித்துவிட்டார். அடியில் கிடந்த பல்லுக்கு வேறு டீ ஊற்றினேன். பிறகு களிமண் பூசி, சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில், சித்தி இன்னும் தரம் பிரிக்காத எலும்புத் தட்டில் போட்டேன்.

என் நேரம், அப்போதுதான் கொட்டாவி உள்ளே வந்து தட்டைக் கிளறினார்.

"அட, இந்தா இருக்கே ரெண்டாவது. கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லு. அளவுகூட ஒத்துப்போகுது பாருங்க. ஃபைலைக் கொண்டாங்க." பேனாவையும் திறந்துவிட்டார்.

சித்தி லென்ஸ் வழியாகப் பார்த்தாள். சும்மா இருந்தாலே போதும், ஜெயித்துவிடுவாள்.

"வேண்டாம் சார். குரங்குக்கு இந்த இடத்துப் பல் ஒரே முனையா சாஞ்சிருக்கும், மேல் கோரைப்பல்லைத் தீட்டுறதுக்கு. இதுல ரெண்டு முனை இருக்கு. மனுஷப் பல்."

"ஆதி மனுஷனா?"

"போன மாசத்து மனுஷன். குறடு பிடிச்ச கீறல் அப்படியே இருக்கு. ஒழுங்கா பல்லு தேய்க்காத ஜென்மம்."

கொட்டாவி முகத்தைச் சுளித்து விரலைச் சட்டையில் துடைத்தார். "அப்ப அந்தத் தாடையப் பெட்டியில போட்டுடுங்க" என்று பேனாவை மூடிக்கொண்டு போனார்.

சித்தி லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"வாயைத் திற."

"எதுக்கு சித்தி?"

"இடது பக்கம், கீழ, ஒரு சந்து இருக்கும். திற."