அம்மாக்களைப் பேச வைத்த ரோஸி அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பயிற்சி அறையில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறையாக அதிர்ந்ததால் எடுத்தேன். பொம்மனஹள்ளியிலிருந்து செல்வி.

"மேடம், ரோஸி மேடம் போயிட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக உடம்பு சரியில்லை என்பது தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. பதினான்கு வருடம் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். எனக்கு முன்னால், அவரிடம் பிள்ளையைக் கூட்டிவந்த ஒரு தாய்க்குச் செய்தி போயிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுதான் முறை என்று தோன்றுகிறது.

ரோஸலின் என்பது முழுப்பெயர். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. பெங்களூரு தொம்மலூரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் மையத்துக்கு, லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி பொருத்திய பிறகு, பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழக்குவது எங்கள் வேலை. கருவி சத்தத்தைத்தான் கொண்டுவரும். அந்தச் சத்தம் 'தண்ணி' என்ற சொல்லாக ஆவதற்கு மாதக்கணக்கில் பிடிக்கும்.

அக்கா குழந்தைக்கு எதிரே உட்கார மாட்டார். பக்கத்தில்தான் உட்காருவார். எதிரே உட்கார்ந்தால் பிள்ளை உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடும், காதுக்கு வேலை இருக்காது என்பார். அறைக்குள் வந்ததும் முதலில் சத்தம் போடும் ஃபேனை நிறுத்துவார், ஏப்ரல் மாதமானாலும். வேர்த்து வழிந்த ஒரு தகப்பனார் ஒருமுறை ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார். "சார், உங்களுக்குக் காத்து வேணுமா, பிள்ளைக்குப் பேச்சு வேணுமா?" என்றார் அக்கா. அந்த மனிதர் கையை மடக்கிக்கொண்டார். அப்பாக்களிடம் அவருக்குப் பொறுமை குறைவுதான். ரிப்போர்ட் எழுதுவதிலும் சோம்பல். அவருடைய பாதி ரிப்போர்ட்டுகள் என் கையெழுத்தில் இருக்கின்றன.

செல்வியின் மகள் தாரணி எங்களிடம் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. அறுவை சிகிச்சை செய்து உள்காதில் கருவி பொருத்தியிருந்தார்கள். செல்வி தர்மபுரிப் பக்கத்துப் பெண், கார்மென்ட்ஸில் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், நாளைக்குப் பள்ளியில் இங்கிலீஷ். இந்தப் பிள்ளைக்கு இத்தனை மொழி தாங்காது என்று நான் தீர்மானித்தேன். "ஒண்ணே ஒண்ணு வச்சுக்கோங்க. வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று சொல்லி அனுப்பினேன். செல்வி சரி என்று தலையாட்டினாள்.

ஆறு மாதம் ஆகியும் தாரணியிடம் முன்னேற்றம் இல்லை. கதவைத் தட்டினால் திரும்புவாள். பேச்சுக்குத் திரும்ப மாட்டாள். கருவியைச் சோதித்தோம், கோளாறு இல்லை. ஒரு சனிக்கிழமை அக்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி பொம்மனஹள்ளிக்குப் போய், அவர்கள் வீட்டில் பாதி நாள் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார். "சுமதி, செல்விக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் மொத்தம் நாலு வார்த்தை. கம், சிட், ஈட், குட் கேர்ள். அதைச் சொல்லிட்டு மிச்ச நேரமெல்லாம் வாயை மூடிக்கிட்டு இருக்கா. தப்பா ஏதாவது பேசிடுவோமோன்னு பயம்."

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் படிப்பை நினைத்துத்தானே சொன்னேன் என்றேன்.

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா பிள்ளைக்குக் காதைக் கொடுத்துட்டு, அம்மா வாயை அடைச்சுட்டோம்."

அவரே செல்வியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்கதான் சொல்லணும். நான் மாத்திச் சொன்னா, யாரை நம்பறதுன்னு அவளுக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். புதன்கிழமை செல்வியை உட்கார வைத்து, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்போ தமிழ்லயே பேசலாமா மேடம்?" என்று கேட்டாள். பேசலாம் என்றதும் மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துப் பேசத் தொடங்கினாள். பஸ்ஸில் வந்த கூட்டம், சூப்பர்வைசர், வீட்டில் வைத்துவிட்டு வந்த சாம்பார். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் இந்தப் பேச்சையெல்லாம் அவள் எங்கே வைத்திருந்தாள்?

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருக்கும். மழைக்காலம். தாரணி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்வி அக்காவிடம், "குடையை பஸ்ஸுலயே விட்டுட்டேன் மேடம்" என்றாள். கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே தாரணி, "கொடை போச்சா?" என்றாள்.

யாரும் அவளிடம் பேசவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கியிருக்கிறாள். காது கேட்கும் பிள்ளைகள் மொழியில் பாதியை அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவதும் அதுதான். நான் கை தட்டப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "பேசிக்கிட்டே இரு செல்வி" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடவில்லை. ஒன்பது வயதுக்குப் பிறகு வந்த ஒரு சிறுமிக்கு, இரண்டு வருடம் முயன்றும் பேச்சு பிடிபடவில்லை. அக்காவே அவளைச் சைகை மொழி கற்பிக்கும் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தோற்றுவிட்டோமே என்றேன். "அவளுக்கு மொழி வேணும். வாய் வழியாத்தான் வரணும்னு நாம பிடிவாதம் பிடிக்கக் கூடாது" என்றார். அவளோடு பேசுவதற்காகத் தானும் சைகை கற்றுக்கொண்டார்.

போன புதன்கிழமை அடக்கத்தன்று லிங்கராஜபுரத்துச் சர்ச்சில் இடமில்லாமல் வெளியில் நின்றோம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெட்டியின் பின்னால் நடந்தவர்களில் எத்தனையோ பேர் காதில் கருவி இருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் தாரணி ஜெபத்தைக் கேட்டு, சரியான இடங்களில் ஆமென் சொன்னாள்.

என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு கேள்வி. புதிதாக வரும் பெற்றோரிடம், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று அவர் கேட்டதே இல்லை. அப்படிக் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள் என்பார். வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள். என்னிடம் இங்கிலீஷில்தான் பேசினார்கள். மடியில் ஒரு வயதுக் குழந்தை. அக்கா கேட்பதுபோலவே கேட்டேன்.

"வீட்டுல ரெண்டு பேரும் எந்த மொழியில சண்டை போடுவீங்க?"

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"மதுரைத் தமிழ்ல மேடம்."

"குழந்தைகிட்டயும் அதுலயே பேசுங்க" என்றேன்.